பொடக்காளி ஒர்க்‌ஷாப்: பைக் கேள்விகளுக்குப் பதில்

வீட்டிலேயே வண்டி பார்த்துக்கொள்கிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழின் கடைசிப் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தோம். வந்து குவிந்த கடிதங்களில் பாதி ‘மைலேஜ் ஏற என்னங்க பண்ணலாம்’ ரகம். அவர்கள் எல்லோருக்கும் மொத்தமாக ஒரே பதில்: டயர் காற்று, செயின், ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்பது, இந்த நாலையும் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பெரும்பாலும் எழுத வேண்டியிருக்காது. மீதிக் கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: ஏனுங்க, காருக்கு ஊத்தினது போக ஒரு லிட்டர் என்ஜின் ஆயில் மிச்சம் கெடக்குது. நல்ல சிந்தெடிக் ஆயில், விலையும் கூட. அதைய என்ற நூறு சிசி வண்டிக்கு ஊத்தலாமுங்களா? ஆயில் மாத்தறத நானே பழகலாம்னு இருக்கேன். (பனியன் கம்பெனி ஊழியர், திருப்பூர்)

பதில்: பழகுங்கள், ஆனால் அந்த ஆயிலை ஊற்றாதீர்கள். காரில் கிளட்ச் என்ஜினுக்கு வெளியே காய்ந்துபோய் இருக்கிறது. பைக்கில் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கொண்டிருக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கிற சரக்கு கலந்திருப்பார்கள். அது காருக்கு நல்லது. பைக்கில் கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் வழுக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. ரெண்டு பேர் உட்கார்ந்து மேம்பாலம் ஏறும்போது நன்றாகவே தெரியும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கியர் பைக்குக்கு ஜாசோ (ஜப்பான்காரர்களின் தர முத்திரை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்க வேண்டும். எம்பி என்று போட்டிருந்தால் அது ஸ்கூட்டருக்கு. 10டபிள்யூ30 மாதிரியான எண் உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதையே வாங்குங்கள். விலை கூடின ஆயில் ஊற்றி வண்டிக்கு மரியாதை செய்கிற பழக்கம் நம் பக்கம் கொஞ்சம் அதிகம், வண்டிக்கு அது தெரியாது.

வேலை சுலபம். வண்டியை அஞ்சு நிமிஷம் ஓட்டி வெதுவெதுப்பாக்கி, சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் ஒரு பழைய சட்டியை வைத்து, டிரெயின் போல்ட்டைக் கழற்றினால் கருப்பாக ஒழுகும். சொட்டுவது நிற்கும்வரை விடுங்கள், அதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போட்டு மாட்டி, புத்தகத்தில் சொன்ன அளவு ஊற்றி, ரெண்டு மூணு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ரெண்டு மூணு நிமிஷம் கழித்து அளவு பாருங்கள். பல நூறு சிசி வண்டிகளில் அளவுக் குச்சியைத் திருகாமல் சும்மா நிற்கவைத்துத்தான் பார்க்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் குச்சி உள்ளே கூடுதலாக இறங்கி, ஆயில் நிறைய இருப்பதுபோல ஏமாற்றும். சைடு ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தாலும் அளவு தப்பாகத்தான் காட்டும்.

கெடுவது எங்கே என்றால் அந்த டிரெயின் போல்ட்டில். எனக்கு 22 வயது இருக்கும்போது எங்கள் தோட்டத்துக் கட்டுத்தரையில் வைத்து முதல்முறை ஆயில் மாற்றினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில், ஒழுகிவிடக் கூடாதே என்ற பயத்தில், 17ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரின் வாலில் ஒரு முழம் தண்ணீர்ப் பைப்பைச் சொருகி ஒரு இழு இழுத்தேன். கெட்டியாக நின்றுகொண்டிருந்த போல்ட் திடீரென்று மெத்தென்று ஒரு கால் சுற்று போனது. அந்த மெத்தென்ற உணர்ச்சி இன்றைக்கும் கையில் இருக்கிறது. கழற்றிப் பார்த்தால் போல்ட்டின் மரையில் வெள்ளிக் கம்பிபோல அலுமினியம் சுருண்டு ஒட்டியிருந்தது. போல்ட் இரும்பு, என்ஜின் உடம்பு அலுமினியம். முறுக்கினால் எது தோற்கும்? ஊற்றின புது ஆயில் அத்தனையும் கட்டுத்தரைக்குப் போக, வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் என்பதால் அங்கே இந்த வேலைக்கு ஆள் கிடைத்தார். ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, உள்ளே எஃகுச் சுருள் ஒன்றைத் திருகி வைத்து, பழைய அளவு போல்ட்டே உட்காரும்படி செய்துகொடுத்தார். ஹெலிகாயில் என்பார்கள். அந்த வண்டி அதற்குப் பிறகு பல வருஷம் ஓடியது, அந்தப் போல்ட் ஒருநாளும் ஒழுகவில்லை.

அதனால் போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசிவரை திருகுங்கள். விரலுக்குப் போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடி வையுங்கள். வாஷர் தொட்டதும் ஸ்பேனரைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். தோள் பலம் வேண்டாம். இறுக்குகிற பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்க முடிந்தால் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கழிவு ஆயிலை வேலியோரமோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். கறையான் வராது என்று கம்பத்துக்குத் தேய்ப்பார்கள், சென்ட்ரிங் பலகைக்கு அடிப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன். அதில் தேய்ந்த உலோகத் தூளும் எரிந்த கசடும் இருக்கிறது, மழை பெய்தால் கிணற்றுப் பக்கம்தான் போகும். கேனில் பிடித்து, பேரலில் சேர்த்து வைக்கிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கை துடைக்கத் துணிக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, உங்கள் ஊர் பனியன் வேஸ்ட்டைத்தான் நாங்கள் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். தெனமும் வாய்க்கால் மேட்டு மண் ரோட்லதான் போய்ட்டு வரேன். செயின் கட்டக் கட்டக்னு கேட்டுச்சு. ஒர்க்‌ஷாப்ல டைட் வெச்சுக் குடுத்தாங்க. ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு, இப்ப ஊஊன்னு ஒரு சத்தம். நானே சரி பண்ணலாமா? (மாணவர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பண்ணலாம் தம்பி. முதலில் தொங்கியது, இப்போது இழுத்துப் பிடித்திருக்கிறது. ஊளையிடுகிற செயின் கட்டக் கட்டக்கைவிட மோசம். நீ உட்கார்ந்து, பின்னால் ஒருத்தரையும் ஏற்றிப் பள்ளத்தில் இறங்கும்போது பின்சக்கரம் மேலே ஏறும், செயின் இன்னும் இறுகும். அதற்கு இடம் கொடுக்கத்தான் கொஞ்சம் தொய்வு விடுகிறோம். இடம் இல்லாவிட்டால் செயின் போய் கியர் பாக்ஸ் பேரிங்கையும் சக்கர பேரிங்கையும் இழுக்கும். செயின் செட் செலவு ஒரு பக்கம், பேரிங்குக்காக என்ஜினைப் பிரிக்கிற செலவு வேறு.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டியை நியூட்ரலில் வைத்து, அடிப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார். மொத்த ஆட்டம் 25 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், புத்தகத்தைப் பார்த்துக்கொள். முழு செயின் கவர் போட்ட வண்டி என்றால் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைப் பிடுங்கினால் செயின் தெரியும். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்தாதே. சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார். எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்துக்குத்தான் அளவு வைக்க வேண்டும். இறுகின இடத்துக்கும் தொங்குகிற இடத்துக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். பின்பக்கப் பல்சக்கரத்தின் கடைசியில் செயினைப் பிடித்து வெளியே இழு, பாதிப் பல் தெரிந்தாலோ, பல்லெல்லாம் அரிவாள் மூக்குபோல ஒரு பக்கமாக வளைந்திருந்தாலோ, மொத்த செட்டையும் மாற்று. செயினை மட்டும் புதிதாகப் போட்டால் பழைய பல் அதையும் தின்றுவிடும்.

அளவு வைக்கும்போது அச்சு நட்டைத் தளர்த்தி, ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம சுற்று திருகு. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மில் கோடு கோடாகப் போட்டிருப்பார்கள், இடதும் வலதும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அச்சு நட்டை இறுக்கி, அது கழலாமல் தடுக்கிற காட்டர் பின் இருந்தால் புதிது போடு. அப்புறம், பலர் மறப்பது இது: சக்கரம் பின்னால் நகர்ந்ததால் டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபட்டிருக்கும், பிரேக் மிதியின் ஆட்டத்தையும் மறுபடி சரி பார்க்க வேண்டும். செயின் லிங்க்கைக் கழற்றி மாட்டினாயானால் அந்தச் சின்னக் கிளிப்பைப் பார், கொண்டை ஊசி மாதிரி ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் திறந்தும் இருக்கும். மேல்பக்கச் செயின் முன்னால்தான் ஓடுகிறது, மூடின பக்கம் முன்னால் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒரு கல் பட்டால் கழன்றுபோகும்.

சுத்தம் பண்ண மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். லிங்க்குகளுக்கு நடுவே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வைத்த செயினாக இருந்தால் கம்பிப் பிரஷ்ஷும் பெட்ரோலும் ஆகாது. துடைத்து, 90 நம்பர் கியர் ஆயிலை உள்பக்கம் ரோலர் மேல் சொட்டுச் சொட்டாக விடு, ராத்திரி முழுக்க ஊறட்டும், காலையில் வெளிப்பக்கம் வழிவதைத் துடைத்துவிடு. கிரீஸ் அப்பாதே. வாய்க்கால் மேட்டு மண்ணும் கிரீஸும் சேர்ந்தால் உப்புத்தாள்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். என்ஜினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். துணி சிக்கும், துணியோடு விரலும் போகும். கண் மூடித் திறப்பதற்குள் நடக்கும். சக்கரத்தைக் கையால் சுற்று, நேரம் ஆனால் ஆகட்டும்.

கேள்வி: சைலன்சர மாத்துனா பிக்கப் ஏறுமா ப்ரோ? (ஈரோடு)

பதில்: சத்தம் ஏறும். அதைக் கேட்டுவிட்டு பிக்கப் ஏறினதாக மனசு நினைத்துக்கொள்ளும். தயாரித்தபோது இருந்ததை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, 2019இல் கொண்டுவந்த திருத்தத்தில் அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. அந்தக் காசில் நல்ல டயர் ஒன்று வாங்கலாம்.

கேள்வி: வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கார். அவரோட வண்டி 8 மாசமா தோட்டத்துச் சாளைல சும்மா நிக்குது. நோம்பிக்கு வர்றாருங்க, வந்ததும் ஓட்டணும்பார். நான் எதுவும் செஞ்சு வெக்க முடியுமுங்களா? வண்டி ஓட்டத் தெரியும், ஸ்பேனர் புடிச்சதில்லை. (காங்கேயம்)

பதில்: முடியும் அம்மிணி. முதல் வேலை, சாவியையும் கிக்கரையும் தொடாமல் சீட்டையும் பக்கவாட்டு மூடியையும் கழற்றிப் பாருங்கள். தோட்டத்துச் சாளையில் 8 மாதம் என்றால் எலி வந்திருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டி அதற்குக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி, இருட்டு, கதகதப்பு, ஒரே ஒரு சின்ன வாசல். என் சித்தப்பா வண்டியில் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறந்தபோது சோளத்தட்டு, சாக்குச் சணல், கிழிந்த ஃபில்டர் பஞ்சு எல்லாம் உருண்டையாகக் கட்டி, நடுவில் ரோஜா நிறத்தில் நாலு குஞ்சு. பார்க்காமல் ஸ்டார்ட் பண்ணியிருந்தால் அத்தனையையும் என்ஜின் இழுத்திருக்கும். வயரையும் ஒரு நோட்டம் விடுங்கள், கடித்த இடத்தில் செம்பு பளபளவென்று தெரியும். தெரிந்தால் அதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடலாம்.

எலி இல்லை என்றால் அடுத்தது பெட்ரோல். 8 மாதப் பெட்ரோல் கெட்டது, ஒரு கேனில் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ வேண்டாம். கார்புரேட்டர் வண்டி என்றால் கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைத் தளர்த்தினால் உள்ளே தேங்கின பழைய பெட்ரோலும் இறங்கிவிடும். அது காய்ந்து பிசினாகி, ஜெட் என்கிற பெட்ரோல் போகும் சின்னத் துளையை அடைப்பதால்தான் நின்ற வண்டிகள் பெரும்பாலும் கிளம்புவதில்லை. 2020க்குப் பிறகு வாங்கின வண்டி என்றால் அநேகமாக ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதில் புதுப் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணுமுன் சாவியை ரெண்டு மூணு தடவை போட்டுப் போட்டு நிறுத்தினால் பம்ப் பெட்ரோலை முன்னால் தள்ளிவைக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் அஞ்சாறு சொட்டு என்ஜின் ஆயில் விட்டு, சாவி போடாமல் கிக்கரை மெதுவாகப் பத்துத் தடவை மிதியுங்கள். காய்ந்த சிலிண்டர் சுவருக்கு எண்ணெய் போய்ச் சேரும். பிளக்கைத் துடைத்து மாட்டும்போது முதலில் விரலால் மட்டும். பேட்டரி செத்திருக்கும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கடையில் கொடுத்தால் மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள், 4 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 0.4 ஆம்பியர் என்ற கணக்கில். அவசரத்துக்கு ஏற்றினால் பேட்டரி சூடாகிக் கெடும். டயரில் காற்றடித்து ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிலை அவர் வந்து மாற்றட்டும், எல்லாத்தையும் நீங்களே செய்துவைத்தால் அவருக்கு என்ன வேலை.

கேள்வி: எனது வண்டி 2009ஆம் வருட மாடல். இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது. என் மனப்பிரமையா? டேங்க்கில் அந்துருண்டை போட்டால் சரியாகும் என்கிறார்கள். (ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், நாமக்கல்)

பதில்: பிரமை இல்லை ஐயா. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கிற சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்தத்தில் ஆறு ஏழு சதவீதம் சக்தி குறைகிறது. பழைய இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. லிட்டருக்கு 60 கொடுத்த வண்டி 57, 58 கொடுத்தால் எத்தனால் மேல் பழி போடலாம். 45க்கு இறங்கியிருந்தால் வேறு கோளாறு, இந்தப் பகுதியின் முதல் பத்திக்குப் போங்கள்.

உங்கள் வண்டிக்கு நான் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி. எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். டேங்க் பாதி காலியாக மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் சேர்ந்து, ஓர் அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போவது அடியில் இருப்பதுதானே. வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்க்கை நிரப்பி வையுங்கள், மூடியின் ரப்பர் நன்றாக இருக்கட்டும். 2009 வண்டியின் பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் இந்தக் கலவைக்காகச் செய்ததல்ல. டியூபை விரலால் அழுத்திப் பாருங்கள், கொழகொழவென்றோ விறைத்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. அந்துருண்டையைத் துணிமணிக்கே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: தென்னந்தோப்பு இட்டேரிலதானுங்க ராத்திரி வர வேண்டியிருக்கு. பழைய நூறு சிசி வண்டி, வெளிச்சம் மினுக் மினுக்குன்னு இருக்குது. 60 வாட் பல்பு போட்டறலாமா, எல்இடி போட்டறலாமா? (பொள்ளாச்சி)

பதில்: ரெண்டுக்கும் முன்னால் ஒன்று பாருங்கள். நியூட்ரலில் வைத்து ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் வெளிச்சம் கூடுகிறதா? கூடினால் உங்கள் ஹெட்லைட் பேட்டரியில் எரியவில்லை, என்ஜினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கிற மேக்னெட்டில் வருகிற ஏசி கரண்ட்டில் நேராக எரிகிறது. பழைய நூறு சிசி வண்டிகள் பல அப்படித்தான். அது 35 வாட் பல்புக்கு அளந்து கொடுத்த கரண்ட். 60 வாட் போட்டால் வெளிச்சம் இன்னும் மங்கும், கூடவே ஹோல்டர் உருகும். பேட்டரிக்கு மாற்றி வயர் இழுத்துத் தருகிறேன் என்று ஒருவர் வருவார். மேக்னெட்டிலிருந்து பேட்டரிக்கு வருகிற சார்ஜ் அவ்வளவுக்குப் போதாது, ஒரு வாரத்தில் செல்ஃப் தூங்கும். எல்இடி கரண்ட் குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் கம்பி பல்புக்குச் செய்த கிண்ணத்தில் அதை வைத்தால் வெளிச்சம் சரியான இடத்தில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழும். அந்த இட்டேரியில் எதிரே வருவது தேங்காய் லாரியாக இருந்தால் இன்னும் வம்பு.

நான் செய்வது வேறு. கண்ணாடியின் உள்பக்கம் புழுதி படிந்திருந்தால் துடைப்பது, பல்பு ஹோல்டரிலும் எர்த் வயர் முனையிலும் பச்சை பூத்திருப்பதை உப்புத்தாளால் தேய்ப்பது, சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி வெளிச்சம் எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்று சரிசெய்வது. பின்னால் ஆள் ஏறினால் வெளிச்சம் தென்னை மட்டையைப் பார்க்கும், அதனால் வழக்கமாக ஏற்றும் ஆளை ஏற்றி வைத்துப் பாருங்கள். அத்தோடு 35 வாட்டில் நல்ல பல்பு ஒன்று. பாதிப் பேருக்கு அதுவே போதும்.

கேள்வி: ஸ்கூட்டருக்கு நேரத்துக்கு ஆயில் மாற்றுகிறேன். ஆனாலும் பின்பக்கம் ஒரு முனகல் கேட்கிறது. (ஆசிரியை, அவிநாசி)

பதில்: என்ஜின் ஆயில் மாற்றுகிறீர்கள் டீச்சர், கியர் ஆயில் மாற்றினீர்களா? ஸ்கூட்டரில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன கியர் பெட்டி, அதற்குத் தனி ஆயில். பல ஸ்கூட்டர்களில் 120 மில்லிதான் பிடிக்கும், அதனாலேயே எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் முனகல் போகாவிட்டால் பேரிங் அல்லது பெல்ட், அது வீட்டு வேலை இல்லை.

கேள்வி: ஃபிரண்ட்ஸ் நாலு பேர் வால்பாறை போறோம். பிரேக்குக்கு என்ன பார்க்கணும்? (கரூர்)

பதில்: ஏறுவதற்கு என்ஜின் பார்த்துக்கொள்ளும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி, இறங்கும்போதுதான் விஷயம். பேட் தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பேட்டில் இருக்கும் பள்ளக் கோடு மறைந்திருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் டப்பாவின் கண்ணாடியில் ஆயில் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அதையும். பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கிற ஜாதி. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் தாங்கும், தண்ணீர் சேர்ந்த பிறகு அது 155 வரை இறங்கலாம். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் உள்ளே கொதித்து ஆவி கட்டும், லீவர் பஞ்சுபோலக் கைப்பிடி வரை வரும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதற்குத்தான். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், டேங்க்கில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். ஏபிஎஸ் வண்டியாக இருந்தால் இந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

கிளம்புகிற அன்று காலையில் செயினுக்கு ஸ்பிரே அடிக்காதீர்கள், அது பறந்து போய் பின் டிஸ்க்கில் உட்காரும். அடிப்பதானால் முந்தின நாள் ராத்திரி, டிஸ்க்கைத் துணியால் மூடிவிட்டு. இறங்கும்போது ஏறின அதே கியரில் இறங்குங்கள், வண்டியை நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பண்ணுகிற ஃபிரண்டு ஒருத்தர் எல்லா குரூப்பிலும் இருப்பார், அவரை முதல் வளைவுக்கு முன்னாலேயே பிடித்துப் பழமை பேசிவிடுங்கள். 9ஆவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது, வரையாடு நிற்கும். டிஸ்க்கும் டிரம்மும் அங்கே ஆறட்டும், தண்ணீர் ஊற்றி ஆற வைக்காதீர்கள்.

கேள்வி: நூறு சிசி வண்டிக்குப் பின்னாடி அகலமான டயர் போடலாமா? (திருச்செங்கோடு)

பதில்: ரிம் அகலம் அதேதான் இருக்கும், டயர் இடுங்கி உருண்டையாகிவிடும், வளைவில் தள்ளாடும், மைலேஜும் போகும். கம்பெனி அளவிலேயே நல்ல டயர் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை காற்று பாருங்கள். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு முன்னால் 25, பின்னால் தனி ஆளுக்கு 28, ரெண்டு பேருக்கு 40. ரெண்டு பேருக்கும் 28லேயே ஓட்டுகிறவர்கள்தான் அகல டயர் கேட்கிறார்கள்.

கேள்வி: வீட்டுல வேலை பழக என்னென்ன டூல்ஸ் வாங்கட்டுமுங்க? நூறு பீஸ் செட் ஒண்ணு ஆஃபர்ல வருது. (தாராபுரம்)

பதில்: அந்த நூறு பீஸில் தொண்ணூறை நீங்கள் தொடவே மாட்டீர்கள், தொடுகிற பத்தும் ரெண்டு மாதத்தில் வாய் விரிந்துவிடும். 8, 10, 12, 14, 17 நம்பரில் ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் திறந்த வாய் உள்ள ஸ்பேனர் நல்ல கம்பெனியில் வாங்குங்கள். 10க்கு ஒரு டி ஸ்பேனர், வேலையில் பாதி அதில்தான். ஆலன் கீ ஒரு செட், பிளக் ஸ்பேனர் வண்டியோடு வந்ததே போதும், டயர் காற்று பார்க்கும் மீட்டர் ஒன்று.

ஸ்க்ரூடிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். நம் வண்டிகளின் ஸ்டார் ஸ்க்ரூவில் நிறைய ஜப்பான் அளவு, கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் மூக்கு அதில் முழுசாக உட்காராது, திருகத் திருக மேலே ஏறி வெளியே வந்து பள்ளத்தை மொழுக்கிவிடும். பிரேக் ஆயில் டப்பா மூடியில் ரெண்டு ஸ்க்ரூ மொழுக்காகி நிற்கிற வண்டிகளை ரோட்டில் போகும்போதே காட்டுவேன். ஜேஐஎஸ் என்று கேட்டு ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் வாங்குங்கள். பிடிவாதமான ஸ்க்ரூவுக்கு, சுத்தியலால் பின்னால் தட்டினால் தானே திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்று. அதை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம், என்னுடையது போன வருஷ நோம்பிக்கு வந்த ஒரம்பரை ஒருத்தரோடு போனது, இன்னும் வரவில்லை.